கடல் ஏரியான கதை: எங்க்ஹாய்சன் என்ற டச்சு நகரம்

நெதர்லாந்தின் வட ஹாலந்து மாகாணத்தில் உள்ள எங்க்ஹாய்சன் நகரைப் பற்றிப் படிக்கத் தொடங்குபவர் முதலில் தடுமாறும் இடம் வரைபடம். கிழக்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பல் அனுப்பிய துறைமுகம் என்று வரலாறு சொல்கிறது. நகரச் சின்னத்தில் கிரீடம் சூடிய மூன்று ஹெர்ரிங் மீன்கள் இருக்கின்றன. ஹெர்ரிங் உப்புநீரில் வாழும் கடல்மீன். ஆனால் இன்றைய வரைபடத்தில் அந்த ஊரை ஒட்டி இருப்பது நன்னீர் ஏரி.

இரண்டாவது தடுமாற்றம் ஊருக்குள் நடக்கும்போது வருகிறது. எங்கு திரும்பினாலும் 16, 17ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். ஆனால் ஊரின் பெரிய அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதியோ 1880 முதல் 1932 வரை வாழ்ந்த ஏழை மீனவர்களின் வீடுகளைக் காட்டுகிறது. ஏன் இந்த இடைவெளி? இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே வரலாற்றில் இருக்கிறது. ஊரின் பாதிப் பாரம்பரியத்தைச் செல்வம் கட்டியது. அதை இடியாமல் காத்ததில் வறுமைக்கு இருக்கும் பங்கு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

முதலில் நான்கு சொற்கள்

1. ஸாய்டர்ஸே: 'தென்கடல்' என்று பொருள். வட கடல் 12, 13ஆம் நூற்றாண்டுப் புயல் வெள்ளங்களில் நிலத்தை அரித்து உள்ளே புகுந்ததால் விரிந்த ஆழமற்ற உள்நாட்டுக் கடல். எங்க்ஹாய்சன் இதன் மேற்குக் கரையில் இருந்தது.

2. டைக்: நீரைத் தடுக்க எழுப்பும் கரை. நம் ஏரிக்கரையைப் போன்றதுதான், ஆனால் வேலை நேர்மாறானது. ஏரிக்கரை நீரை உள்ளே தேக்குகிறது; டைக் நீரை நிலத்துக்குள் வராமல் வெளியே நிறுத்துகிறது.

3. போல்டர்: சுற்றிலும் டைக் எழுப்பி, உள்ளிருக்கும் நீரை இறைத்து வெளியேற்றிப் பெறும் நிலம். பெரும்பாலும் வெளியே உள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும். இறைப்பை நிறுத்தினால் நீர் திரும்பி வந்துவிடும்.

4. கேமர்: 'அறை' என்பது நேர்ப்பொருள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் நகரக் கிளைகளுக்கு இந்தப் பெயர். இந்தக் கட்டுரையில் 'கிளை' என்றே குறிப்பிடுகிறேன்.

ஹெர்ரிங்கும் உப்பும்

எங்க்ஹாய்சன் 14ஆம் நூற்றாண்டின் நடுவில் நகர உரிமை பெற்றது. நகர உரிமை என்றால் சொந்த நீதிமன்றம், சந்தை, மதில் ஆகியவற்றை வைத்துக்கொள்ளும் அனுமதி. அந்த உரிமையைச் செல்வமாக மாற்றிக் கொடுத்தது ஹெர்ரிங்.

ஹெர்ரிங் கொழுப்பு மிகுந்த மீன். பிடித்த சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். டச்சு மீனவர்கள் கப்பலிலேயே ஒவ்வொரு மீனின் செவுளையும் குடலின் ஒரு பகுதியையும் சிறு கத்தியால் ஒரே இழுப்பில் அகற்றினார்கள். கணையத்தை மட்டும் உள்ளேயே விட்டார்கள். பிறகு மீனை உப்பிட்டு மரப்பீப்பாயில் அடுக்கினார்கள். கணையத்தின் நொதிகளும் உப்பும் சேர்ந்து மீனை மெதுவாகப் பதப்படுத்தின. கருவாடு வெயிலில் காய்ந்து நிற்கிறது. இந்த மீன் தன் நீரிலேயே ஊறி நிற்கிறது. மழையும் குளிரும் மிகுந்த நாட்டுக்குப் பொருத்தமான வழி இதுதான்.

இதனால் கப்பல் உடனே கரை திரும்ப வேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வாரக்கணக்கில் வட கடலில் தங்கி, பீப்பாய்களை நிரப்பிக்கொண்டு வந்தால் போதும். இந்தத் தொழில் ஒரு சங்கிலியையே இழுத்து வந்தது. உப்பு போர்ச்சுகல், பிரான்ஸ் கரைகளிலிருந்தும், பீப்பாய்க்கும் கப்பலுக்கும் மரம் பால்டிக் பகுதியிலிருந்தும் வந்தன. பால்டிக் நாடுகளே மீனை வாங்கவும் செய்தன. மீன் பிடிக்கக் கட்டிய கப்பல்களும் பழகிய மாலுமிகளும் தொலைதூர வணிகத்துக்கு முன்தயாரிப்பாக அமைந்தார்கள். சின்னத்தில் மீன்கள் கிரீடம் சூடியிருப்பதில் மிகை எதுவும் இல்லை.

ஒரு மருத்துவர், ஒரு மாலுமி, கோவாவிலிருந்து திரும்பிய ஒருவர்

1572 மே மாதத்தில் எங்க்ஹாய்சன் ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை உதறி, ஸ்பெயினுக்கு எதிரான கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஆரஞ்சு இளவரசர் வில்லியத்தின் பக்கம் சேர்ந்தது. ஹாலந்தில் அப்படிச் சேர்ந்த முதல் நகரங்களில் இதுவும் ஒன்று. ஆம்ஸ்டர்டாமோ 1578 வரை ஸ்பெயின் பக்கமே இருந்தது. ஆம்ஸ்டர்டாம் கப்பல்கள் வட கடலுக்குப் போக ஸாய்டர்ஸேயைக் கடக்க வேண்டும். எங்க்ஹாய்சன் அந்த வழியில் இருக்கிறது. சிறிய ஊர் பெரிய ஊரின் மூச்சுக்குழாயைப் பிடித்துக்கொண்ட நிலை அது.

அடுத்த 30 ஆண்டுகளில் இந்த ஊர் கடல் அறிவின் மையமாகவும் ஆனது. இங்கு வாழ்ந்த மாலுமி லூகாஸ் யான்ஸோன் வாகனார் 1584இல் கடற்கரை வரைபடங்களையும் கப்பல் செலுத்தும் குறிப்புகளையும் சேர்த்து அச்சில் கொண்டுவந்தார். அவருடைய பெயர் ஆங்கிலேய மாலுமிகளின் வாயில் திரிந்து, கடல் வரைபடத் தொகுப்பு எதையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே ஆகிவிட்டது. மருத்துவர் பெர்னார்டஸ் பாலுடானஸ் உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த சங்கு, விதை, தாது, துணி ஆகியவற்றைத் தன் வீட்டில் சேர்த்துவைத்தார். அதைப் பார்க்க ஐரோப்பாவின் அறிஞர்கள் வந்தார்கள்.

இவர்களில் நமக்கு மிக நெருக்கமானவர் யான் ஹாய்கன் வான் லின்ஸ்கோட்டன். எங்க்ஹாய்சனில் வளர்ந்த இவர், 1583 முதல் 1588 வரை கோவாவில் போர்த்துகீசியப் பேராயரின் செயலாளராகப் பணிபுரிந்தார். போர்த்துகீசியர்கள் மறைத்துவைத்திருந்த கடல்வழி விவரங்கள் அவர் கைக்கு எட்டின. 1592இல் ஊர் திரும்பி எழுதத் தொடங்கினார்; 1596இல் முழு நூலும் வெளிவந்தது. இந்தியக் கரைகள், ஊர்கள், விளைபொருள்கள், காற்றின் போக்கு எல்லாம் அதில் இருந்தன. தாவரங்களையும் மருந்துச் சரக்குகளையும் பற்றிக் குறிப்பெழுதி உதவியவர் பாலுடானஸ். மலாக்கா போர்த்துகீசியர் பிடியில் இருப்பதால் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள சுந்தா நீரிணை வழியாக ஜாவாவுக்குப் போகலாம் என்ற யோசனையும் அந்த நூலில்தான் இருந்தது. ஆசியாவுக்கான கதவின் சாவி இந்தச் சிறு ஊரில் அச்சேறக் காத்திருந்தது என்று சொன்னால் தவறில்லை.

கம்பெனியில் ஊரின் பங்கு எவ்வளவு?

1602 மார்ச் 20 அன்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கப்பட்டது. அதுவரை தனித்தனியே போட்டியிட்ட நகர வணிகர்களை ஓர் அமைப்புக்குள் கொண்டுவர, ஆறு கிளைகள் வைக்கப்பட்டன: ஆம்ஸ்டர்டாம், ஸேலாந்து, டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹாய்சன்.

மொத்த மூலதனம் ஏறத்தாழ 64 லட்சம் கில்டர் (அன்றைய டச்சு நாணயம்). ஆம்ஸ்டர்டாம் பாதிக்கு மேல் போட்டது. ஸேலாந்து சுமார் 13 லட்சம். அடுத்த இடம் எங்க்ஹாய்சனுக்கு: சுமார் 5,40,000 கில்டர். ராட்டர்டாம் போட்டதைப் போல மூன்று மடங்கு.

இந்தப் பணம் பெருவணிகர்களிடமிருந்து மட்டும் வரவில்லை. அதற்குச் சான்றாக ஒரு தாள் இருக்கிறது. 2010இல் ஹோர்ன் நகரில் உள்ள வட்டார ஆவணக் காப்பகத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவர் அதைக் கண்டெடுத்தார். 1606 செப்டம்பர் 9 தேதியிட்ட பங்குப் பத்திரம். எங்க்ஹாய்சன் கிளை கொடுத்தது. பெற்றவர் பீட்டர் ஹார்மன்ஸ், நகர மேயர்களிடம் ஊழியராக இருந்தவர்; தொகை 150 கில்டர். பிறகு வந்த லாபப்பங்குகளும் அதோடு இருக்கும் ஏடுகளில் குறிக்கப்பட்டிருக்கின்றன. உலகில் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய பங்குப் பத்திரமாக இது கருதப்படுகிறது. கம்பெனி தன் முதல் லாபப்பங்கை 1610இல் அறிவித்தபோது பணம் கொடுக்காமல் ஜாதிபத்திரியாகக் கொடுத்தது. கடலையே தாண்டாத ஒரு நகர ஊழியரின் கணக்கு, தொலைதூரத் தீவில் விளையும் ஒரு வாசனைப் பொருளோடு இப்படிப் பிணைந்தது.

ஆனால் முதலீட்டில் மூன்றாமிடம் பெற்ற ஊருக்கு அதிகாரத்தில் அந்த இடம் கிடைக்கவில்லை. கப்பல் அனுப்பும் உரிமையில் ஆம்ஸ்டர்டாமுக்கு இரண்டில் ஒரு பங்கு, ஸேலாந்துக்கு நான்கில் ஒரு பங்கு. மீதி நான்கு கிளைகளுக்கும் தலா பதினாறில் ஒரு பங்கு மட்டுமே. 17 பேர் கொண்ட தலைமைக் குழுவில் ஆம்ஸ்டர்டாமுக்கு 8 இடம், எங்க்ஹாய்சனுக்கு நிலையாக 1. ஊரின் பிற்காலச் சரிவைப் புரிந்துகொள்ள இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழவேற்காட்டுத் துணியும் எங்க்ஹாய்சன் மிளகும்

தென்கிழக்காசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் விற்றவர்கள் ஐரோப்பியச் சரக்கை அவ்வளவாக விரும்பவில்லை. அவர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. அதனால் கம்பெனி 1610இல் பழவேற்காட்டில் காலூன்றியது. அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது. 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றியது. தமிழ், தெலுங்கு நெசவாளர்களின் தறியில் உருவான துணி கிழக்கே போய் வாசனைப் பொருளாக மாறி, அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கும் எங்க்ஹாய்சனுக்கும் போனது. துணியோடு மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலிருந்து அடிமைகளாக பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டவர்களும் இந்த வணிகக் கணக்கின் பகுதி. பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைகளைப் பார்த்தவர்கள் அதன் மறுமுனையைப் பார்க்க விரும்பினால், எங்க்ஹாய்சன் துறைமுகத்தில் ஒரு கட்டடம் நிற்கிறது.

1625இல் கட்டப்பட்ட இதைக் கம்பெனி பின்னாளில் வாங்கி மிளகுக் கிடங்காக்கிக்கொண்டது. 'மிளகு வீடு' என்றே பெயர். முகப்புக் கல்லில் பழைய டச்சில் ஒரு வாசகம் செதுக்கியிருக்கிறது: செலவு முன்னே, ஆதாயம் பின்னே. வணிகருடைய பார்வையில் அது சரியான வாசகம். செலவை யார் செய்தார்கள், ஆதாயம் யாருக்குப் போனது என்பதைக் கல் சொல்லவில்லை.

சரிவு ஏன் வந்தது?

1622இல் ஊரின் மக்கள்தொகை 20,000ஐத் தாண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டு முடியும்போது ஏறத்தாழ 7,000. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் இல்லாமல் போனார்கள். ஒரே காரணத்தைச் சொல்லும் கட்டுரைகள் இங்கேதான் தவறு செய்கின்றன. காரணங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

1. மீன்பிடிப்புக் கப்பல்களைப் போர்கள் தின்றன. டன்கர்க் கடற்கொள்ளையர், பிறகு இங்கிலாந்துடனும் பிரான்ஸுடனும் நடந்த போர்கள் ஹெர்ரிங் பிடிக்கும் கப்பல் கூட்டத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கின.

2. வணிகம் ஆம்ஸ்டர்டாமில் குவிந்தது. கடன், காப்பீடு, சந்தை மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால், எங்க்ஹாய்சன் வணிகர்களே அங்கு குடிபெயர்ந்தார்கள். பதினாறில் ஒரு பங்கு ஊரைத் தாங்கப் போதவில்லை.

3. ஸாய்டர்ஸே ஆழமற்றது. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போனபோது துறைமுகத்தின் வாயில் மணல் மேவிக்கொண்டே வந்தது.

4. கம்பெனி 1796இல் அரசுடைமையாகி, 1799 முடிவில் கலைக்கப்பட்டது. 1824இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வடக்கே நேராகக் கால்வாய் திறக்கப்பட்டதும் பெரிய கப்பல்கள் ஸாய்டர்ஸே பக்கமே வரத் தேவையில்லாமல் போனது.

இல்லாமை காத்த ஊர்

ஆட்கள் போனபின் வீடுகள் என்ன ஆகும்? பல இடிக்கப்பட்டு, செங்கலும் மரமும் விற்கப்பட்டன. எஞ்சியவற்றைப் புதுப்பிக்கப் பணம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் செழித்த நகரங்கள் மதிலை இடித்துச் சாலை போட்டன, கால்வாய்களைத் தூர்த்தன, பழைய முகப்புகளை மாற்றின. எங்க்ஹாய்சனில் அதற்கெல்லாம் தேவையும் இல்லை, வசதியும் இல்லை. 1540இல் எழுந்த ட்ரோமெடாரிஸ் என்னும் துறைமுக வாயில்கோபுரம் அப்படியே நின்றது. அதில் 17ஆம் நூற்றாண்டில் ஹெமனி பட்டறை வார்த்த மணிகள் இன்றும் ஒலிக்கின்றன. 1680களில், சரிவு தொடங்கிய பிறகு, பழைய பெருமிதத்தோடு கட்டிய நகரமன்றமும் தப்பியது.

இதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் மதிலுக்குள் மேற்குப் பக்கம் இருக்கும் 'உழவர் மூலை'. 1600ஐ ஒட்டிய செழிப்பில், ஊர் இன்னும் பெருகும் என்று நம்பி மதிலைத் தள்ளிக் கட்டிக் கால்வாய்களும் வெட்டினார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அங்கே உழவர்கள் குடியேறினார்கள். நகர மதிலுக்குள்ளேயே பண்ணை வீடுகளும் மாட்டுக் கொட்டகைகளும் எழுந்தன. வயலுக்குப் போகப் படகு. இன்று அந்த வழியாக நடப்பவர் அழகான கால்வாயோரக் கிராமம் என்று நினைத்துப் படம் எடுக்கிறார். அது உண்மையில் நிறைவேறாமல் போன ஒரு நகரத் திட்டம். எங்க்ஹாய்சனில் என்னை மிகவும் நெகிழவைப்பது கோபுரங்களைவிட இந்த மூலைதான்.

1961இல் வந்த நினைவுச்சின்னச் சட்டம் தனிக் கட்டடங்களோடு, தெருக்களும் கால்வாய்களும் சேர்ந்த நகரப் பகுதிகளையும் காக்க வழிசெய்தது. அதன்பிறகே இத்தகைய ஊர்களில் பாதுகாப்பு சட்டத்தின் வேலையாயிற்று. அதுவரை அந்த வேலையைச் செய்தது பணமின்மை.

கடல் எப்படி மூடப்பட்டது?

கடலை மூடும் திட்டத்தைப் பொறியாளர் கொர்னேலிஸ் லேலி 1891லேயே வரைந்துவிட்டார். செலவைக் கண்டு அரசு தயங்கியது. இரண்டு நிகழ்வுகள் தயக்கத்தை உடைத்தன. 1916 ஜனவரியில் புயல் வெள்ளம் ஸாய்டர்ஸேயைச் சுற்றிய கரைகளை உடைத்தது; மார்க்கன் தீவில் உயிர்கள் போயின. முதல் உலகப் போரோ உணவுத் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, விளைநிலத்தின் தேவையை உணர்த்தியது. 1918இல் சட்டம் நிறைவேறியது. அப்போது லேலியே அமைச்சர்.

வட ஹாலந்துக்கும் ஃப்ரீஸ்லாந்துக்கும் இடையே 32 கிலோமீட்டர் நீளத்தில் அணை எழுந்தது. 1932 மே 28 அன்று கடைசி இடைவெளி அடைக்கப்பட்டது. ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்துகொண்டே இருக்க, மதகுகள் வழியாக உப்புநீர் வெளியேற்றப்பட, சில ஆண்டுகளில் கடல் ஏரியானது. பெயரும் மாறியது: ஐசல்மேர்.

விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. ஹெர்ரிங்கும் நெத்திலியும் முட்டையிட வந்த வழி அடைபட்டது. அந்த மீன்பிடிப்பு சில ஆண்டுகளில் முடிந்தது. விலாங்கு போன்ற சில மீன்களே மிஞ்சின.

2. மீனவர்களுக்கு உதவ 1925லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது. பணம் கொடுக்கலாம், பரம்பரையாகப் பழகிய நீரோட்டத்தையும் மீன்வரவையும் எந்தச் சட்டம் திருப்பிக் கொடுக்கும்?

3. பழைய கடலின் ஒரு பெரிய பகுதி போல்டர்களாகியது. ஊர்க் (Urk) என்ற தீவு நிலத்தோடு ஒட்டியது. 1986இல் ஃப்ளேவோலாந்து என்ற புது மாகாணமே பிறந்தது. அதன் தலைநகருக்கு லேலியின் பெயர்.

4. புயல் வெள்ளத்தின் அச்சம் அகன்றது. மூடியதே தவறு என்று சொல்வோர் இதை மறந்துவிடக் கூடாது.

1970களில் எங்க்ஹாய்சனிலிருந்து லேலிஸ்டாட் வரை இன்னொரு டைக் கட்டி முடிக்கப்பட்டு ஏரி இரண்டானது. தெற்குப் பாதியையும் நிலமாக்கும் திட்டம் நீண்ட வாதத்துக்குப் பின் கைவிடப்பட்டது.

அருங்காட்சியகம் ஏன் மீனவரைப் பேசுகிறது?

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். கடல் மூடிய சில ஆண்டுகளிலேயே படகுகள், வலைகள், உடைகள், கரையோரப் பேச்சு எல்லாம் மறையத் தொடங்கின. செல்வர்களின் மாளிகை கல்லால் ஆனது, அது நிற்கும். மரப்பலகையால் ஆன மீனவர் வீட்டை யாராவது காத்தால்தான் உண்டு. அந்த அவசரத்தில் 1948இல் ஸாய்டர்ஸே அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. மிளகுக் கிடங்கு அதன் இடமானது. 1983இல் திறந்தவெளிப் பகுதி திறக்கப்பட்டது. பழைய கடலோர ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த வீடுகள், கடைகள், பட்டறைகள் என ஏறத்தாழ 140 கட்டடங்கள் அங்கே ஒரு சிற்றூரைப் போல அமைந்திருக்கின்றன. மீன் புகையிடும் கூடத்தில் இன்னும் புகை எழுகிறது. கடற்சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த சூளைகளும் இருக்கின்றன. கிளிஞ்சல் சுண்ணாம்பு தெரிந்த நமக்கு அவற்றின் வேலையை விளக்க வேண்டியதில்லை.

கம்பெனிக் காலத்தின் நினைவோ இன்னும் வாதத்தில் இருக்கிறது. பக்கத்து நகரமான ஹோர்னில் 1893 முதல் யான் பீட்டர்ஸ் கூனின் சிலை நிற்கிறது. 1621இல் ஜாதிக்காய்க்காக, இன்றைய இந்தோனேசியாவில் உள்ள பண்டா தீவு மக்களை அழித்த படையெடுப்பை நடத்தியவர் அவர். சிலையை அகற்றக் கோரிக்கைகள் எழுந்த பிறகு, 2012இல் பீடத்தில் அந்தக் குற்றத்தையும் சொல்லும் புதிய வாசகம் பதிக்கப்பட்டது. 2019இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகம் 17ஆம் நூற்றாண்டைப் 'பொற்காலம்' என்று அழைப்பதை நிறுத்தியது. யாருக்குப் பொன் என்ற கேள்வி பண்டாவிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் பார்த்தால் இயல்பாகவே எழுகிறது. மிளகுக் கிடங்கில் மீனவர் வாழ்வு குடியேறியிருப்பது நல்லதுதான். ஆனால் அந்தச் சுவர்களுக்குள் ஒரு காலத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளின் கதையையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

இப்போது அந்த ஊர் எதை வைத்து வாழ்கிறது?

சுமார் 19,000 பேர் வாழ்கிறார்கள். சுற்றுலா உண்டு, பாய்மரப் படகுகள் உண்டு. சுற்றுப்புறம் முழுவதும் காய்கறி, மலர் விதை வளர்ப்பு பெரிய தொழிலாக வேரூன்றியிருக்கிறது. உலகச் சந்தைக்கு வீரிய விதை உருவாக்கும் நிறுவனங்கள் இங்கே இயங்குகின்றன. 2003 முதல் ஊரை ஒட்டிய டைக்கில் ஓர் அமைப்பு வேலை செய்கிறது: மேலே, நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகுகளைக் கடத்தும் நீர்ப்பூட்டு வழியே படகுகள் போக, கீழே சுரங்கத்தில் கார்கள் ஓடுகின்றன.

எங்க்ஹாய்சனுக்கு அருகில் உள்ள ஆண்டைக் என்ற இடத்தில் ஐசல்மேர் நீர் சுத்திகரிக்கப்பட்டு வட ஹாலந்து மக்களுக்குக் குடிநீராகப் போகிறது. ஆறுகளில் நீர் குறையும் கோடையில், அணையின் கப்பல் மதகுகள் வழியாகக் கசியும் கடல்நீரைத் தள்ளப் போதிய நன்னீர் இருப்பதில்லை. 2018 வறட்சியில் அப்படித்தான் ஆனது; ஆண்டைக் நீரில் உப்பு ஏறியது. உப்பைக் கப்பலேற்றி வரவழைத்து வளர்ந்த ஊரின் வாசலில், இப்போது நீரின் உப்பை நாள்தோறும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.